எண்ணிக்கையில் வராத பிள்ளைகள்

அமெரிக்கப் பெருநகரங்களின் அரசுப் பள்ளிகளுக்கென்று ஏற்பட்ட பெரிய விருதாக இருந்தது, பிராட் பரிசு. 2002இல் முதல் தடவையாக அது அறிவிக்கப்பட்டபோது, டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் பள்ளி மாவட்டம் வென்றது. மறு ஆண்டே அந்த மாவட்டத்தைச் சேர்ந்த ஷார்ப்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளியின் பதிவேடுகள் செய்தியாயின. 2001-02 கல்வியாண்டில் அங்கே ஏறத்தாழ 1,700 மாணவர்கள் படித்தார்கள். அந்த ஆண்டில் 463 பேர் பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள். பள்ளியிலிருந்து மாநில அரசுக்குப் போன கணக்கில் இடைநின்றவர்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

ஒரு பள்ளியின், ஒரு மாவட்டத்தின் சாதனையைப் பற்றி யார் பேசினாலும் இந்த 463 பேரை நினைத்துக்கொள்வது நல்லது. வகுப்பில் இருந்தவர்கள் எப்படித் தேறினார்கள் என்பதை விருதுகள் பார்க்கின்றன. வகுப்பில் யார் இல்லாமல் போனார்கள் என்பதையும் பார்த்தால்தான் விருதுக்குப் பொருள் உண்டு. கடந்த கால் நூற்றாண்டில் அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் பெற்ற பட்டங்களையும், அவற்றுக்குப் பின்னால் நடந்த விசாரணைகளையும் சேர்த்துப் படிக்கும்போது இந்த எண்ணம்தான் உறுதிப்படுகிறது.

அங்கே பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர்க் கல்வி மாவட்டத்தைப் போல மாநிலத் துறையின் ஒரு கிளை அன்று. பெரும்பாலும் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த வாரியத்தின் கீழ், உள்ளூர்ச் சொத்து வரியின் ஒரு பங்கைத் தன் வருவாயாகக் கொண்டு இயங்கும் தனி அமைப்பு அது. நாடு முழுக்கச் சுமார் 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. சிலவற்றில் சில நூறு பிள்ளைகள். நியூயார்க் போன்றவற்றில் பல லட்சம். தலைமை நிர்வாகியாகிய கண்காணிப்பாளரை வாரியமே அமர்த்துகிறது, வாரியமே அனுப்பியும் விடுகிறது. பாராட்டுப் பட்டயம் ஒன்று கிடைத்தால் கண்காணிப்பாளரின் பதவி நிலைக்கிறது; வரி கேட்பது எளிதாகிறது; அந்தப் பகுதியின் வீட்டு விலைகூட ஏறுகிறது. ஆகவே விருது அங்கே அலமாரிப் பொருளாக மட்டும் இருப்பதில்லை.

ஹியூஸ்டனில் 1994 முதல் 2001 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் ராட் பெய்ஜ். ஏழைப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்கிறது, இடைநிற்றல் அற்றுப்போகிறது என்று ‘ஹியூஸ்டன் அதிசயம்’ நாடெங்கும் பேசப்பட்டது. ஜார்ஜ் புஷ் 2001இல் குடியரசுத் தலைவரானதும் பெய்ஜைக் கல்வி அமைச்சராக்கினார். 2002 ஜனவரியில் கையெழுத்தான ‘எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது’ என்ற கூட்டாட்சிச் சட்டம், ஆண்டுதோறும் தேர்வு, தேர்வுக்கேற்ற வெகுமதி அல்லது தண்டனை என்ற டெக்சாஸ் வழியை நாட்டுக்கே விதியாக்கியது. ஒரு மாவட்டத்தின் கணக்குப் புத்தகம் ஒரு தேசத்தின் கல்விக் கொள்கைக்குச் சான்றாக நின்றது என்பதால்தான் ஷார்ப்ஸ்டவுன் சிறிய விஷயம் ஆகவில்லை.

கணக்கு எப்படி மறைந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பள்ளியை விட்டுப் போகும் ஒவ்வொரு மாணவருக்கும் ஏன் போனார் என்பதைச் சொல்லும் ஒரு குறியீட்டை அலுவலகத்தில் பதிய வேண்டும். வேறு பள்ளிக்கு மாறினார், சொந்த நாட்டுக்குத் திரும்பினார், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஈடான சமநிலைத் தேர்வுக்குப் படிக்கப் போனார் என்று குறியீடுகள் பல. இவற்றில் எதைப் பதிந்தாலும் அந்த மாணவர் ‘இடைநின்றவர்’ ஆவதில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்காமல், கணினியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். அந்தப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் ஒருவர் இதை வெளியே சொன்னார். பிறகு மாநில அரசு 16 பள்ளிகளில் தணிக்கை செய்தது. பள்ளியை விட்டுப் போன சுமார் 5,500 மாணவர்களின் பதிவுகளைப் பார்த்ததில், ஏறக்குறைய 3,000 பேரை இடைநின்றவர்களாகக் கணக்கிட்டிருக்க வேண்டும் என்று தெரிந்தது.

இந்தக் கதை வேறு ஊர்களிலும் வேறு வேடத்தில் நடந்தது. டெக்சாஸின் எல்லை நகரமான எல் பாசோவில், பத்தாம் வகுப்புத் தேர்வில் மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடிய பிள்ளைகள், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், அந்த வகுப்பிலேயே உட்காராதபடி பார்த்துக்கொள்ளப்பட்டார்கள். சிலரை ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தினார்கள், சிலரைப் பதினொன்றுக்குத் தாவவிட்டார்கள், சிலரைப் பள்ளிக்கே வரவிடவில்லை. அங்கிருந்த கண்காணிப்பாளருக்கு 2012இல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தலைநகர் வாஷிங்டனில் 2017இல் ஓர் உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டு மாணவர் அத்தனை பேருக்கும் கல்லூரி இடம் கிடைத்தது என்று கொண்டாடினார்கள். சில மாதங்களில் வானொலிச் செய்தியாளர்கள் வருகைப் பதிவேட்டைப் பிரித்தார்கள். 2018 ஜனவரியில் வந்த தணிக்கையின்படி, முந்தைய ஆண்டு அந்த மாவட்டத்தில் பள்ளி முடித்துப் பட்டயம் பெற்ற 2,758 பேரில் 937 பேர், நாட்கணக்கில் வராமலிருந்தோ வேறு விதிகளை மீறியோ தேறியவர்கள்.

ஆனால் இந்த விஷயத்தின் அடி ஆழம் வரை போய்ப் பார்க்க வேண்டுமென்றால் அட்லாண்டாவுக்குத்தான் போக வேண்டும்.

ஜமைக்காவில் பிறந்து நியூயார்க், நூவர்க் நகரப் பள்ளிகளில் உயர்ந்த பெவர்லி ஹால், 1999இல் அட்லாண்டாவின் கண்காணிப்பாளராக வந்தார். பிள்ளைகளில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர், ஏழைகள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் இலக்கு விதித்தார். எட்டினால் ஆசிரியர் முதல் பேருந்து ஓட்டுநர், உணவகப் பணியாளர் வரை அந்தப் பள்ளியின் எல்லாருக்கும் 2,000 டாலர் வரை ஊக்கத்தொகை. எட்டாத தலைமையாசிரியர்கள் நிலைக்கவில்லை. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜியா டோம் என்ற பிரம்மாண்ட விளையாட்டரங்கில் மாவட்டத்தின் ஊழியர்கள் கூடுவார்கள். இலக்கை எட்டிய பள்ளிகளுக்குக் கீழே மைதானத்தில் இருக்கை. எட்டாதவர்கள் மேலே, பார்வையாளர் வரிசையில். ‘இந்த வருஷம் நாம் கீழே உட்காருவோமா?’ என்பதுதான் ஊழியர்களின் கவலையாக இருந்தது. 2009இல் அமெரிக்கப் பள்ளி நிர்வாகிகள் சங்கம் ஹாலை அந்த ஆண்டின் தேசியக் கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுத்தது.

அதே வேளையில் உள்ளூர் நாளிதழான அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிட்யூஷன் சில பள்ளிகளின் மதிப்பெண்கள் நம்பமுடியாத வேகத்தில் உயர்வதைக் கண்டு எழுதத் தொடங்கியிருந்தது. வட்டங்களைப் பென்சிலால் நிரப்பும் விடைத்தாள் அது. அழித்துத் திருத்திய தடத்தைப் படிக்கும் கருவி உண்டு. பிள்ளைகள் விடையை மாற்றுவது இயல்புதான். சில சமயம் தவறைச் சரியாக்குவார்கள், சில சமயம் சரியைத் தவறாக்குவார்கள். ஆனால் ஒரு வகுப்பு முழுவதிலும் தவறிலிருந்து சரிக்கு மாறிய அழிப்புகள் மாநிலச் சராசரியை விட மலைபோல் குவிந்திருந்தால், அது பிள்ளைகளின் கை அன்று. மாநில ஆளுநர் அமர்த்திய சிறப்பு விசாரணையாளர்கள் 2011 ஜூலையில் அறிக்கை அளித்தார்கள். ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு. 38 தலைமையாசிரியர்கள் உட்பட 178 கல்வியாளர்கள் அதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். 82 பேர் ஒப்புக்கொண்டார்கள்.

அறிக்கையில் இருக்கும் சில காட்சிகள் மனதை விட்டுப் போவதில்லை. ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் வார இறுதியில் விடைத்தாள்களை ஒருவரின் வீட்டுக்கு எடுத்துப்போய் உட்கார்ந்து திருத்தினார்கள். இன்னொன்றில் தலைமையாசிரியர் கையுறை மாட்டிக்கொண்டு அழித்தார், கைரேகை படக்கூடாதென்று. வேறொன்றில், தன் வகுப்பின் மதிப்பெண் குறைந்ததற்காக ஓர் ஆசிரியரை ஊழியர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மேசைக்கடியில் தவழவைத்தார்கள். வளர்ந்த மனிதரை, ஓர் ஆசிரியரை. விருது பெற்ற நிர்வாகத்தின் அன்றாடம் இப்படி இருந்தது.

ஹால் எந்தத் தவறும் தனக்குத் தெரிந்து நடக்கவில்லை என்று கடைசிவரை சொன்னார். 2015 மார்ச்சில் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முன்பே விசாரணையைச் சந்திக்கும் நிலையில் அவர் உடல் இருக்கவில்லை. அடுத்த மாதம் மாவட்டத்தின் கல்வியாளர்கள் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்காக இயற்றப்பட்ட சட்டத்தின்படிதான் அவர்கள் மீது வழக்குத் தொடுத்திருந்தார்கள். அந்தச் சட்டத்தை வகுப்பாசிரியர்கள் மீது ஏவியதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. தண்டிக்கப்பட வேண்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் இலக்கை விதித்த வாரியமும், கேள்வி கேட்காமல் பாராட்டிய தொழிலதிபர்களும், பட்டம் தந்த சங்கமும் கூண்டில் நிற்கவில்லை.

பிள்ளைகளுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. வாசிக்கத் திணறும் ஒரு குழந்தையின் தாளில் தேர்ச்சி என்று வந்துவிட்டால், அதற்குத் தனிக் கவனம் தேவை என்று சொல்லும் சான்றே போய்விடுகிறது. கூடுதல் வகுப்பு கிடையாது. ‘முன்னேறிய பள்ளி’ என்று பெயர் வந்ததும், பின்தங்கிய பள்ளிகளுக்கான உதவி நிதியும் நின்றது. என் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லையே, எப்படி இவ்வளவு மதிப்பெண் என்று கேட்ட பெற்றோருக்கு மதிப்பெண் பட்டியலைக் காட்டி அனுப்பினார்கள். மாவட்டம் பின்னாளில், அப்படிப் பாதிக்கப்பட்டு இன்னும் பள்ளியில் இருந்தவர்களுக்காக ‘இலக்கு 2021’ என்ற தனிப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அவர்களில் கடைசி வகுப்பு பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டையொட்டி அந்தப் பெயர்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெகுமதியோ தண்டனையோ இணைக்கப்படாத, ஒரு பகுதி மாணவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து நடத்தும் தேசியத் தேர்விலும் அந்த ஆண்டுகளில் அட்லாண்டா முன்னேறியிருந்தது. அதில் கைவைத்ததற்கான சான்று கிடைக்கவில்லை. அதாவது நேர்மையாக உழைத்த ஆசிரியர்கள் இருந்தார்கள், பிள்ளைகள் உண்மையிலேயே கொஞ்சம் கற்றும் இருந்தார்கள். அந்த உண்மையான வளர்ச்சியை இன்று யாரும் நம்பத் தயாராக இல்லை. பொய்க் கணக்கு மெய்ச் சாதனையையும் சேர்த்து அழித்துவிட்டது.

சமூக உளவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970களிலேயே இதை எச்சரித்திருந்தார். ஓர் எண்ணைக் கொண்டு எவ்வளவு பெரிய முடிவுகள் எடுக்கிறோமோ, அந்த எண்ணும் அது அளக்க வந்த செயலும் அவ்வளவு கெடும் என்பது அவர் கருத்து. அவரே கல்வித் தேர்வுகளை உதாரணம் காட்டினார்.

அப்படியானால் விருதே வேண்டாமா? அந்த முடிவுக்கு நான் வரவில்லை. பிராட் பரிசின் அமைப்பையே பார்க்கலாம். அதை நிறுவிய ஈலை பிராட் டெட்ராய்ட் நகர அரசுப் பள்ளியில் படித்து, வீடு கட்டும் தொழிலிலும் காப்பீட்டிலும் பெரும்பொருள் ஈட்டியவர். பள்ளிகளை நிறுவனங்களைப் போல நடத்த வேண்டும் என்ற அவருடைய பார்வையை டயான் ராவிச் போன்ற கல்வி வரலாற்றாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் பரிசின் விதிகளில் இரண்டு நல்லவை. முதலாவது, மாவட்டங்கள் விண்ணப்பிக்க முடியாதிருந்தது. தகுதியுள்ள பெருநகர மாவட்டங்களின் புள்ளிவிவரங்களை ஆய்வாளர்கள் தாங்களே திரட்டி, இறுதிப் பட்டியலில் வந்தவற்றுக்கு நேரில் குழு அனுப்பினார்கள். இரண்டாவது, பணம் ஊழியர்களுக்குப் போகவில்லை. அந்த மாவட்டத்தில் உயர்நிலைப் பள்ளி முடிக்கும் மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகையாகப் போனது. அட்லாண்டாவின் 2,000 டாலரோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். விருது யார் கைக்குப் போகிறதோ, அவர் கைதான் கணக்கைத் திருத்த நீளும்.

2003இல் வென்ற லாங் பீச், எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய துறைமுக நகரம். 1990களில் கடற்படைக் கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டது, விமானத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தது. கம்போடிய அகதிகள் அமெரிக்காவிலேயே மிகுதியாகக் குடியேறிய ஊர் அது. 1992இல் கார்ல் கோன் கண்காணிப்பாளரானார். 1994இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் அனைத்திலும் சீருடை கட்டாயமானது. அமெரிக்கப் பெருநகர மாவட்டங்களில் இதுவே முதல் முறை. நமக்குச் சீருடை அன்றாடம், அங்கே அது நாட்டுச் செய்தி. ஆனால் லாங் பீச்சின் வலிமை சீருடையில் இல்லை என்றே கருதுகிறேன். பத்தாண்டுக்குப் பின் கோன் விலகியபோது, அதே மாவட்டத்தில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து வளர்ந்த கிறிஸ் ஸ்டைன்ஹவுசர் வந்தார். 2020 வரை இருந்தார். 28 ஆண்டுகளில் இரண்டே கண்காணிப்பாளர்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் ஆள் மாறுவதே வழக்கமான பெருநகரங்களில் இது அபூர்வம். ஆள் மாறாததால் திட்டம் மாறவில்லை. ஊரின் சமுதாயக் கல்லூரியும் மாநிலப் பல்கலைக்கழகமும் மாவட்டத்தோடு கைகோத்தன. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் இந்தப் பள்ளிகளுக்கு வந்தார்கள்; இந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் அங்கே படிக்கப் போனார்கள். 2008இல், தகுதி பெறும் உள்ளூர் மாணவர்களுக்குக் கல்லூரி இடம் உறுதி என்று மூன்று நிறுவனங்களும் ஒப்பந்தமே செய்துகொண்டன.

வியட்நாமியக் குடும்பங்கள் நிறைந்த கார்டன் குரோவ் (2004), மெக்சிகோ எல்லையில் இருக்கும் பிரவுன்ஸ்வில் (2008), அட்லாண்டாவுக்கு அடுத்த வீடான குவின்னெட் (2010, 2014) என்று மற்ற வெற்றியாளர்கள் சிலரிடமும் இதே நீண்ட நிதானத்தைப் பார்க்கலாம். குவின்னெட்டில் ஒரே கண்காணிப்பாளர் 25 ஆண்டுகள் இருந்தார்.

ஆனாலும் இந்தப் பரிசு 2015இல் நிறுத்திவைக்கப்பட்டது. பெருநகர மாவட்டங்களின் முன்னேற்றம் மந்தமாக இருக்கிறது என்பது அறக்கட்டளை சொன்ன காரணம். அதற்கு முன், 2013இல், ஹியூஸ்டன் இரண்டாம் முறையும் வென்றிருந்தது. பத்தே ஆண்டில், 2023 ஜூனில், டெக்சாஸ் மாநில அரசு அந்த மாவட்டத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தை ஒதுக்கிவிட்டு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதற்குச் சட்டப்படி முதல் காரணமாக நின்றது ஒரு பள்ளி, வீட்லி உயர்நிலைப் பள்ளி. பல ஆண்டுகள் தொடர்ந்து தரக்குறைவு மதிப்பீடு பெற்றது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் தென் மாநிலக் கறுப்பினப் பெண்களின் முதல் குரலாக ஒலித்த பார்பரா ஜோர்டன் படித்த பள்ளி அது. மாவட்டம் முழுமைக்கும் கிடைக்கும் விருது, அதற்குள் இருக்கும் ஒரு பள்ளியின் நிலையை மூடிவிட முடியும். சராசரிக்கு அந்தக் குணம் உண்டு.

அளவீட்டையே மாற்றிப் பார்த்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன். 2009 முதல் 2015 வரை நடந்த சுமார் 30 கோடித் தேர்வுகளின் முடிவுகளை, ஏறத்தாழ 11,000 மாவட்டங்களிலிருந்து திரட்டி, 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே நிற்கிறது. பணக்கார மாவட்டங்கள் மேலே, ஏழை மாவட்டங்கள் கீழே. ஆனால் மூன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் எவ்வளவு வளர்கிறார்கள் என்று பார்த்தால், அந்த ஒட்டுறவு மிகவும் தளர்ந்துவிடுகிறது. சராசரி மதிப்பெண்ணை வைத்துத் தரப்படும் பட்டங்களில் பெரும்பகுதி வீட்டுக்குப் போக வேண்டியவை, பள்ளிக்கு அல்ல. வளர்ச்சியை வைத்துப் பார்த்தபோது நாட்டின் நூறு பெரிய மாவட்டங்களில் முதலில் வந்தது, யாரும் எதிர்பார்க்காத சிகாகோ. அங்கே பிள்ளைகள் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுக்கு நிகரான கல்வியைப் பெற்றிருந்தார்கள்.

சிகாகோவை 1987இல் அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் நாட்டிலேயே மோசமானது என்று சொல்லியிருந்தார். மாற்றத்தின் வேர்களில் ஒன்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக்குழுவின் 2005ஆம் ஆண்டு அறிக்கை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவர் போதுமான பாடங்களில் தேறி, முதன்மைப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாமல் இருந்தால், அவர் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று அது காட்டியது. ஏழ்மையும் முந்தைய மதிப்பெண்களும் கூட இதைப் போலத் தெளிவாக முன்னறிவிக்கவில்லை. பள்ளிகள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலைப் பெயர் பெயராகக் கையில் எடுத்தன. யார் இந்த வாரம் வரவில்லை, யாருக்கு இயற்கணிதம் கைவிட்டுப் போகிறது என்று ஆசிரியர்கள் கூடிப் பேசினார்கள். ஷார்ப்ஸ்டவுனில் போன பிள்ளைக்குக் குறியீடு தேடினார்கள். இங்கே போகப்போகிற பிள்ளையைத் தேடினார்கள்.

இங்கேயும் கணக்கு பிசகியது. 2015இல், பள்ளியை விட்டு நின்ற சில மாணவர்கள் வேறு ஊருக்கு மாறியவர்களாகப் பதியப்பட்டிருப்பதைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்தார்கள். மாவட்டம் தன் பழைய கணக்குகளைத் திருத்தி மறுபடி வெளியிட்டது. 2014ஆம் ஆண்டின் பள்ளி முடிப்போர் விகிதம் 69.4 சதவீதம் என்றிருந்தது 66.3 ஆகக் குறைந்தது. விட்டுப்போன பிள்ளைகளைச் சேர்த்த பிறகும் அந்த விகிதம் பத்தாண்டுக்கு முன்பிருந்ததைவிட மிக உயர்ந்தே நின்றது. 2020களின் தொடக்கத்தில் 80ஐத் தாண்டியது.